கிருஷ்ணய்யர் தீர்ப்புகளில் நின்றவை

2024 நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒரு பழைய கேள்விக்கு விடை சொன்னது. அரசியலமைப்பின் 39(பி) பிரிவு 'சமுதாயத்தின் பொருள் வளங்கள்' என்கிறதே, தனியார் சொத்து முழுவதும் அதில் அடங்குமா? அடங்காது என்றது பெரும்பான்மை. நீதிபதி சுதான்சு தூலியா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்த விடைக்கு வர, 1980இலேயே ஓய்வுபெற்று 2014இல் மறைந்த ஒரு நீதிபதியின் கருத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டுப் போக வேண்டியிருந்தது. வி.ஆர். கிருஷ்ணய்யரின் கொள்கை அரசியலமைப்பின் விரிந்த இயல்புக்கு ஊறு செய்வது என்ற தொனியில் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதியிருந்தார். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நீதிபதி நாகரத்னா தம் தீர்ப்பில் கண்டித்தார். கடுமையான சொற்கள், தவிர்த்திருக்கலாம் என்றார் தூலியா. இறந்துபோன ஒருவரை வைத்து உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் தங்களுக்குள் இப்படி வாதாடிக்கொண்டது அபூர்வம்.

கிருஷ்ணய்யரைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்தத் தளத்திலேயே நின்றுவிடுகின்றன. போற்றுபவர்கள் 'ஏழைகளின் நீதிபதி' என்கிறார்கள். மறுப்பவர்கள், சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மேடையில் பேசியவர் என்கிறார்கள். இரு தரப்பும் பார்ப்பது அவருடைய பேச்சை. சோஷலிசம், காந்தி, தியானம், அடுக்குமொழி ஆங்கிலம் ஆகியவற்றில் மயங்கியவர்கள் ஒருபக்கம், எரிச்சலடைந்தவர்கள் மறுபக்கம்.

மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரை எடைபோட இது போதாது. அவர் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கைதியின் குரலைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் கையிலிருந்து வெளியே போவது காகிதம். அது எங்கோ ஒரு தாலுகா நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கோட்டின் கைமடிப்பு நைந்த ஒரு ஜூனியர் வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலை நீட்டி, அன்று காலையே மாஜிஸ்திரேட்டின் உத்தரவை மாற்ற முடிகிறதா? பின்னால் வந்த அமர்வுகள் அதைக் கைவிட்டனவா, காப்பாற்றினவா? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் கிருஷ்ணய்யரின் தீர்ப்புகள் புகழ் வரிசையிலிருந்து இடம் மாறுகின்றன. பேர்போன சில கீழே இறங்குகின்றன. சட்டத்துறைக்கு வெளியே யாரும் கேள்விப்படாத சில மேலே ஏறுகின்றன.

பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., சென்னையில் சட்டம், தலச்சேரியில் வக்கீல் தொழில். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்ததால், 1952இல் கூத்துபரம்பாவிலிருந்து வென்று நம் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். தீர்ப்புகளைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையிலிருந்து சில செய்திகள் போதும். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையையும் பார்த்தார். 1959 ஜூலை 31இல் ஆளுநர் அறிக்கையை வைத்து மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1960 தேர்தலில் ஏழு வாக்கு வித்தியாசத்தில் தோற்று, வழக்காடி, அடுத்த ஆண்டு வென்றவராக அறிவிக்கப்பட்டார். ஆக, சிறையை உள்ளிருந்தும் மேலிருந்தும் கண்டவர், ஆளுநர் அறிக்கையில் பதவி இழந்தவர், தேர்தல் வழக்கில் கட்சிக்காரர். இந்த மூன்று விவகாரங்களும் பிற்காலத்தில் அவர் மேசைக்கு வழக்குகளாக வந்தன.

கேரள உயர் நீதிமன்றத்தில் 1968 முதல் மூன்றாண்டு, பிறகு சட்ட ஆணையம், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். அந்தத் தேதியே சந்தேகத்தைக் கிளப்பியது. மூன்று மூத்த நீதிபதிகளை ஓரங்கட்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரசின் கொள்கையோடு ஒத்துப்போகும் நீதிபதிகளைத் தேடுகிறார்கள் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. இடதுசாரி அமைச்சராக இருந்தவர் அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

அந்தச் சந்தேகத்துக்கு இரண்டே ஆண்டில் பதில் வந்தது. 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஜக்மோகன் லால் சின்கா, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றார். கோடை விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் அழைத்து வந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, மேல்முறையீடுதான் காரணமென்றால் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். பல்கிவாலா பிரதமருக்காகவும் சாந்தி பூஷண் வழக்குத் தொடுத்த ராஜ் நாராயணுக்காகவும் வாதாடினார்கள். ஜூன் 24இல் உத்தரவு வந்தது. பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம். ஆனால் உறுப்பினராக வாக்களிக்கவோ சம்பளம் வாங்கவோ கூடாது. மறுநாள் இரவு நெருக்கடிநிலை.

இந்த உத்தரவை இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள். முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடிநிலையே வந்திருக்காது என்பது ஒரு கட்சி. பிரதமராக நீடிக்க விட்டதே தவறு என்பது இன்னொரு கட்சி. முதல் வாதம் மிரட்டியவருக்காக மிரட்டப்பட்டவரைக் குற்றம் சொல்வது, அதை விட்டுவிடலாம். இரண்டாவதற்குப் பதில் அன்றைய நடைமுறையிலேயே இருக்கிறது. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி மேல்முறையீட்டுக்கு வரும் உறுப்பினர்களுக்கு உச்ச நீதிமன்றம் வழக்கமாகக் கொடுத்துவந்த நிபந்தனைத் தடைதான் இது. சாதாரண உறுப்பினருக்கு என்ன கிடைக்குமோ அதையே நாட்டின் பிரதமருக்கும் கொடுத்தார், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவருடைய பணிக்காலத்திலேயே மிகவும் கவனிக்கப்பட்ட அந்த நாளில் அவர் செய்தது, தம் கற்பனையை ஒதுக்கிவைத்துவிட்டு வழக்கத்தைப் பின்பற்றியது. நான் அவருக்கு முதல் மதிப்பெண் கொடுப்பது அதற்குத்தான். நெருக்கடிநிலைக் காலத்தில் ஆட்கொணர்வு மனு உரிமையை மறுத்த ஜபல்பூர் வழக்கின் அமர்வில் அவர் இல்லை. இருந்திருந்தால் அதில் தனியே மாறுபட்ட எச்.ஆர். கன்னாவோடு சேர்ந்திருப்பார் என்று அவருடைய அன்பர்கள் சொல்வதுண்டு. எழுதப்படாத தீர்ப்புக்கு மதிப்பெண் போட முடியாது.

இனி, பொதுமக்கள் அறியாத ஒரு தீர்ப்பு. 1977 மார்ச் தேர்தலில் பஞ்சாபின் பெரோஸ்பூர் தொகுதியில் நடந்த தகராறில் மொகிந்தர் சிங் கில் என்பவர் தலைமைத் தேர்தல் ஆணையரை எதிர்த்து வந்தார். மறுதேர்தல் செல்லுமா என்பது கேள்வி. போகிறபோக்கில் கிருஷ்ணய்யர் ஒரு விதியை அழுத்திச் சொன்னார்: ஓர் அதிகாரி பிறப்பித்த உத்தரவு, அதில் எழுதியிருக்கும் காரணங்களைக் கொண்டுதான் நிற்கவோ விழவோ வேண்டும், நீதிமன்றத்துக்கு வந்த பிறகு பதில் மனுவில் புதுக் காரணங்களை நுழைக்க முடியாது. புதிதாக அவர் கண்டுபிடித்ததல்ல. 1951லேயே நீதிபதி விவியன் போஸ் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் இன்று சென்னையிலோ மதுரையிலோ ரிட் நீதிமன்றத்தில் அரை நாள் உட்கார்ந்தால், ரேஷன் கடை உரிமம் ரத்தானவருக்கும் பணிநீக்கமான சத்துணவு ஊழியருக்கும் வாதாடும் வக்கீல்கள் வாயில் வருவது 'மொகிந்தர் சிங் கில்'தான். காரணம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அரசு வக்கீலிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அதிகாரிக்கு இந்த ஒரு பத்தி எத்தனை முறை முட்டுக்கட்டை போட்டிருக்கும்! இதில் புரட்சி இல்லை, கண்ணீர் இல்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்தது மோத்தி ராம், 1978. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். அவரை ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். அன்றைய கொத்தனார் கூலியை நினைத்துப் பாருங்கள். சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லித் திருப்பியனுப்பினார். மறுபடி தில்லிக்கு வந்த வழக்கில் கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி நம் காதுக்கு நெருக்கமானது. ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பகல்காமிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவார்? ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறியில் விடச் சொன்னார். திருப்பூரிலும் ஓசூரிலும் வடமாநிலத் தொழிலாளி கைதாகும் இந்நாளில், அந்தக் கேள்வியில் வரும் தமிழரின் இடத்தில் பீகாரியையும் ஒடியரையும் வைத்துப் படித்தாலும் அது அப்படியே பொருந்தும்.

இதையும், ஜாமீன்தான் விதி சிறை விதிவிலக்கு என்று அவர் 1977இல் பால்சந்த் வழக்கில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதுதான் புகழ்பெற்றது. தொலைக்காட்சி விவாதத்தில் வருகிறது, தலையங்கத்தில் வருகிறது, ஜாமீனை மறுக்கும் உத்தரவுகளின் முதல் பத்தியிலும் மரியாதையாக வந்துவிட்டு, கடைசிப் பத்தியில் காணாமல் போகிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இன்னும் விசாரணைக் கைதிகள். பால்சந்த் ஒரு வாசகம்; அதை ஒப்புக்கொண்டபடியே எதிராகவும் உத்தரவிடலாம். மோத்தி ராம் ஒரு குறிப்பிட்ட தவறைப் பெயர் சொல்லித் தடுக்கிறது.

சிறைகள் பற்றிய தீர்ப்புகள்தான் அவருடைய பணியின் உச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் மறுப்பில்லை, ஆனால் அவற்றுக்குள்ளும் தரம் பிரிக்க வேண்டும். 1978இல் சுனில் பத்ராவின் முதல் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதியான அவரைத் தனிமைச் சிறையில் அடைத்தது சரியா? சார்லஸ் சோப்ராஜுக்குக் கால்விலங்கு பூட்டியதும் கூடவே விசாரிக்கப்பட்டது. நான்கு நீதிபதிகளுக்காக டி.ஏ. தேசாய் எழுதினார், சிறைச் சட்டத்தின் 30ஆவது பிரிவைச் சுருக்கிப் பொருள்கொண்டு, தனிமைச் சிறை விதிக்கச் சிறை அதிகாரிக்கு உரிமை இல்லை என்று நேராகச் சொல்லி முடித்தார். கிருஷ்ணய்யர் தனியாக எழுதியது நீளமானது, உணர்ச்சி நிறைந்தது. போய்ச் சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்றே. அந்த வழக்கில் வேலை செய்தது தேசாயின் பேனா.

ஆனால் இரண்டாவது பத்ரா வழக்கு, 1979, கிருஷ்ணய்யர் இல்லாவிட்டால் நடந்திருக்காது. திகாரிலிருந்து பத்ரா ஒரு கடிதம் எழுதினார். தமக்காக அல்ல, பிரேம் சந்த் என்ற இன்னொரு கைதிக்காக. பணம் பறிக்க ஒரு தலைமை வார்டர் அவரைக் கொடூரமாகச் சித்திரவதை செய்திருந்தார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, இரண்டு வக்கீல்களை நேரில் அனுப்பி விசாரிக்க வைத்தார். பிறகு வந்தவை உத்தரவுகள்: புகார்ப் பெட்டி வை, மாவட்ட நீதிபதி வந்து பார், கைதிக்கு அவன் உரிமைகளை அவன் மொழியில் அச்சிட்டுக் கொடு, வக்கீல்களை உள்ளே விடு. ஒருமாதம் கம்பிக்குப் பின்னால் இருந்தவரும் சிறைத்துறைக் கோப்பில் கையெழுத்திட்டவரும் ஒரே ஆளாக இருந்ததன் பலன் இது. யார் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

1980இல் வந்த பிரேம் சங்கர் சுக்லா வழக்கு இதைவிட இறுக்கமானது. விசாரணைக் கைதியைக் கைவிலங்கிட்டு நீதிமன்றத்துக்கு இழுத்துவரலாமா? வசதியான கைதிக்கு விலங்கு வேண்டாம், மற்றவர்களுக்கு உண்டு என்று பஞ்சாப் காவல் விதிகள் வைத்திருந்த பிரிவினையை அடித்து வீழ்த்தினார். தப்பிவிடுவார் என்பதற்குத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே விலங்கு. அந்தக் காரணத்தை அப்போதே எழுத வேண்டும். அழைத்துவரும் அதிகாரி அதை நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 'மனித மாண்பு' என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் ஏட்டையாவின் கையைப் பிடித்திருக்க முடியாது. எழுது, காட்டு, ஒப்புதல் வாங்கு என்றதால் பிடிக்க முடிந்தது. 1995இல் அசாம் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அனுமதியில்லாமல் விலங்கிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு என்றது.

இப்போது மறுபக்கம். 1977இல் கர்நாடக அரசு தனியார் ஒப்பந்தப் பேருந்துகளை எடுத்துக்கொண்ட சட்டம், ரங்கநாத ரெட்டி வழக்காக வந்தது. சட்டம் செல்லும் என்பதில் ஏழு நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். கிருஷ்ணய்யர் மட்டும் மூவருக்காகத் தனியாக எழுதி, தனிமனிதர் சமுதாயத்தின் உறுப்பு என்பதால் அவருடைய உடைமையும் சமுதாயத்தின் வளமே என்ற கோட்பாட்டைக் கட்டினார். பேருந்துகளைக் கையகப்படுத்துவதற்கு இது தேவைப்படவில்லை. மற்ற நால்வரும், இதையெல்லாம் நாங்கள் ஏற்றதாகக் கொள்ள வேண்டாம் என்று அப்போதே எழுதிவைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து சஞ்சீவ் கோக் வழக்கில் ஐவர் அமர்வு அந்தச் சிறுபான்மைக் கருத்தைத் தூக்கிச் சட்டமாக்கியது. அதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் 2024 பெரும்பான்மை சொன்ன முடிவு சரி என்றே படுகிறது. ஒரு பொருளாதாரக் கொள்கையை அரசியலமைப்புக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், அடுத்து வரும் தலைமுறை வாக்களித்து அதை மாற்ற வழியில்லை. கொள்கையை மாற்ற வேண்டியது தேர்தல். ஏழு வாக்கில் தோற்றுப் பார்த்தவருக்கு இது தெரியாததல்ல.

1978இன் பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம். ஒழுங்காக நடக்கும் செயல்பாடு, முதலாளி தொழிலாளி கூட்டுழைப்பு, மனிதத் தேவைக்கான பொருளோ சேவையோ ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில் தகராறு சட்டப்படி 'தொழில்' என்றார். மருத்துவமனை, பல்கலைக்கழகம், அறக்கட்டளை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. மருத்துவமனைத் துப்புரவாளரும் கல்லூரி எழுத்தரும் தொழிலாளர் நீதிமன்றப் படியேற முடிந்தது இதனால்தான். என் முதல் கேள்வியில் இது முழுமதிப்பெண் பெறுகிறது. இரண்டாவதில் தடுமாறுகிறது. நாடாளுமன்றம் 1982இல் வரையறையைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2005இல் ஓர் அமர்வு சந்தேகம் கிளப்பியது. 2017இல் விவகாரம் ஒன்பது நீதிபதிகளுக்குப் போனது. எங்கே நிற்பது என்று தீர்ப்பு தானே ஒரு கோடு போட்டிருந்தால், அரசுகளுக்கு இவ்வளவு காலம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வசதி கிடைத்திருக்காது.

தூக்குத் தண்டனையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 1974இல் ஏடிகா அனம்மா வழக்கில், கொலை செய்த ஓர் இளம்பெண்ணின் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது, நீதிபதி எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னார்: வயது, குடும்பச் சூழல், தலைக்குமேல் ஆண்டுக்கணக்கில் தூக்கு தொங்கிய வேதனை. தண்டனை குறைப்பு வாதத்துக்கு அது இன்றும் உதவுகிறது. 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமுதாயத்துக்கே ஆபத்தான கொலையாளி தவிர மற்றவருக்குத் தூக்கு கூடாது என்ற எல்லைக்குப் போனார். அது சட்டமன்றத்தின் வேலை என்று ஏ.பி. சென் மாறுபட்டார். அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு அதைக் கைவிட்டு, 'அரிதினும் அரிதான' வழக்கு என்ற அளவைக் கொண்டுவந்தது. தூக்கே கூடாது என்பது என் கருத்தும்கூட. ஆனால் ஒன்றரை ஆண்டுகூட நிற்காத தீர்ப்பால் எந்தக் கைதிக்கு என்ன பயன்?

பெண்கள் விஷயத்தில் அவரை ஒரே வரியில் அடைக்க முடியவில்லை. 1979இல் சி.பி. முத்தம்மா வழக்கு. சென்னையில் படித்து வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர். பெண் அதிகாரி மணம் செய்ய அரசின் அனுமதி கேட்க வேண்டும், மணமானால் வேலையை விடச் சொல்லலாம் என்ற விதிகளை எதிர்த்து வந்தார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனால் தள்ளுபடி செய்யும்போதே அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார் கிருஷ்ணய்யர். உத்தரவு இல்லாமலே வேலை செய்த சொல் அது. என் அளவுகோலுக்குள் அடங்காதது என்று ஒப்புக்கொள்கிறேன். பாய் தாகிரா, ஃபஸ்லுன்பி வழக்குகளில் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றார். 1985இன் ஷா பானோ தீர்ப்பு இவற்றின் மேல்தான் நின்றது.

அதே 1979இல் பூல் சிங் வழக்கு. இருபத்திரண்டு வயது இளைஞன் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த உறவுக்காரப் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்திருந்தான். நான்காண்டுத் தண்டனையை இரண்டாகக் குறைத்தார். குறைத்ததைவிட எழுதியது மோசம். அவள் தனிமையையே சபலமூட்டியதாக வருணித்தார்; குற்றத்தைக் காம மிகுதியின் விளைவுபோல் விவரித்தார்; குற்றவாளியைத் திருத்துவது பற்றிக் கவலைப்பட்ட பேனா, அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதில் நிற்கவே இல்லை. சிறைப்பட்டவன்மேல் அவருக்கிருந்த இரக்கம் எதிரில் இருந்தவளைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்தது. அடுத்த ஆண்டே ரஃபீக் வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்துக்குத் துணைச்சான்று கேட்டு இழுக்கும் பழக்கத்தை அவரே கண்டித்தார். அதனால் பூல் சிங் அழிந்துவிடாது. நினைவுக் கூட்டங்களில் அந்தத் தீர்ப்பை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிப் போகிறேன். என்.எம். தாமஸ் வழக்கில் (1975) பட்டியல் சாதி எழுத்தர்களுக்குச் சலுகை சரி என்று பெரும்பான்மையோடு சேர்ந்து வலுவாக வாதிட்ட அதே தீர்ப்பில், இடஒதுக்கீட்டின் பலனைப் பிற்படுத்தப்பட்டோரின் மேல்தட்டே வாரிக்கொள்கிறது என்று எச்சரித்து 'கிரீமி லேயர்' என்ற சொல்லைத் தீர்ப்புலகுக்குள் விட்டவரும் அவரே. நாம் இங்கே அரை நூற்றாண்டாக எதிர்த்துவரும் கருத்துக்கு முன்னோடி ஒரு சோஷலிச நீதிபதி. மற்றொன்று ஆளுநர். ஷம்ஷேர் சிங் (1974), மாரு ராம் (1980) தீர்ப்புகளில், ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும், மன்னிப்பு அதிகாரத்திலும் அப்படியே என்று எழுதினார். 2022 மே 18இல் பேரறிவாளனை விடுவித்த தீர்ப்பு மாரு ராமைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தது. 1959இல் பதவியிழந்த அமைச்சரின் கோபம் என்று சிலர் சொல்லக்கூடும். ஷம்ஷேர் சிங்கில் ஏழு நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டிருந்தார்கள் என்பதால் அந்தப் பேச்சு நிற்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. கிருஷ்ணய்யர் பெரிய நீதிபதி. ஆனால் அவர் பெரியவரானது நடைமுறைச் சட்டத்தில். ஜாமீன் தொகை, விலங்கின் சாவி, உத்தரவின் காரணம், சிறையின் புகார்ப் பெட்டி ஆகிய இடங்களில் அவரை மிஞ்சியவர் இந்தியாவில் இல்லை என்றே சொல்வேன். சொத்து, தொழில், தண்டனைத் தத்துவம் என்று அகன்ற களத்துக்குப் போனபோது அவர் சராசரி. சில சமயம் அதற்கும் கீழே. அந்த அகன்ற பார்வை இல்லாமல் இந்தக் கருவிகள் பிறந்திருக்குமா என்று கேட்கலாம். இரண்டாவது பத்ரா வழக்கில் பிறந்திருக்காது. ஆனால் மொகிந்தர் சிங் கில்லின் விதிக்கு விவியன் போஸும், முதல் பத்ராவின் முடிவுக்குத் தேசாயும் அந்தச் சொல்லலங்காரம் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தப் புகழ்ச்சியோடு ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்து வருகிறது. மோத்தி ராமில் அவர் கட்டளை இட்டார். மீறினால் என்ன என்று சொல்லவில்லை. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக் கைதிகள் பற்றிப் புதிய வழிமுறை வகுத்தபோது, உள்ளூர் ஜாமீன்தாரை வற்புறுத்துவதும் விடுதலையைத் தாமதப்படுத்தும் காரணங்களில் ஒன்று என்று எழுத வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் மாஜிஸ்திரேட்டுகள் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுக்லா வழக்கில் மட்டும்தான் கட்டளையை ஒரு காகிதத்தோடும் ஒரு கையெழுத்தோடும் கட்டிப்போட்டார், அதனால்தான் அது 1995வரை வளர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு, கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் கைதுசெய்யும்போதும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்போதும் கைவிலங்கிடக் காவலருக்கு அதிகாரம் கொடுக்கிறது. காரணத்தை எழுத வேண்டுமா, நீதிபதியிடம் காட்ட வேண்டுமா என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வாதாடப்போகும் வக்கீலுக்குக் கிடைக்கும் முதல் ஆதாரம் 1980 ஏப்ரலில் எழுதப்பட்ட சுக்லா தீர்ப்புதான்.